சாணியப் பார்த்து தீனிய உடைங்க: நாம்பன் வளர்க்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

போன மாசம் பக்கத்து டிவிசன் பொடியன் ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, நாம்பனுக்கு நாலு மாசமா சோளம் குடுக்குறேன், இன்னும் விலா எலும்ப எண்ணலாம் போல இருக்கு, ஏதும் ஊசி போடணுமாண்ணே?"ன்னு கேட்டான். சாணி எப்படி இருக்குடான்னு கேட்டேன், சிரிச்சான். சரின்னு அவன்கூடவே ஏறிப் போய் பட்டிக்குப் பின்னாடி பார்த்தா, சாணிய குச்சியால கிண்டுனா சோளம் முழுசு முழுசா கெடக்கு, ரெண்டு கோழி நின்னு அத பொறுக்கித் தின்னுக்கிட்டு இருக்கு. மனுசன் கடன் வாங்கி சோளம் போட்டது அந்த ரெண்டு கோழிக்குத்தான், மாடு நடுவுல லொறி மாதிரி ஏத்தி எறக்கிக் குடுத்திருக்கு.

அவன்ட தீனியில குறையே இல்ல, அத குடுத்த விதத்துலதான் குறை. அதனாலதான் இத எழுதலாம்னு தோணுச்சு. எந்தத் தீனி நல்லதுன்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க, அந்தத் தீனிய எவ்வளவு வெட்டணும், எவ்வளவு உடைக்கணும், எத வேக வைக்கணும், எத தொடவே கூடாதுன்னு சொல்ல ஆள் கம்மி.

இத வாசிக்கிறவங்க யாருன்னா, நம்ம மலைப்பக்கத்துல பால் மாடு வச்சிருந்து காளக்கன்னு பொறந்ததும் என்ன செய்றதுன்னு முழிக்கிறவங்க, இல்லாட்டி வெலிமட, தலவாக்கல, ஹட்டன் பக்கம் நாலு நாம்பன, அதாவது எளங்காளைய வாங்கிக் கட்டி கொழுக்க வச்சு விக்கலாம்னு பார்க்குறவங்க. நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு இறைச்சிக்கு மாடு வளர்க்குறதுல மனசு ஒப்பாது, அது அவங்கவங்க விசயம், அதுக்குள்ள நான் வரல. ஆனா வயிறு எல்லா மாட்டுக்கும் ஒண்ணுதான், அதனால பால் மாடு வச்சிருக்கிறவங்களும் தாராளமா வாசிக்கலாம்.

மொதல்ல வயித்தப் பத்தி கொஞ்சம்

மாட்டு வயித்துல நாலு அறை. அதுல பெருசு மொத அறை, அசையூண் இரைப்பைன்னு ஸ்கூல் புத்தகத்துல படிச்சிருப்பீங்க, வளந்த மாட்டுக்கு 100 லீட்டருக்கு மேலேயே கொள்ளும். அத வயிறுன்னு நெனைக்கிறத விட புளிக்க வைக்கிற பீப்பான்னு நெனைச்சா வெளங்கும். உள்ளுக்க 39 டிகிரி சூடு, காத்து இல்ல, கோடிக்கணக்கான கிருமிங்க. நீங்க போடுற புல்ல மாடு தின்னுது, ஆனா அத செமிக்க வைக்கிறது இந்தக் கிருமிங்கதான். அதுங்க புல்லையும் சோளத்தையும் புளிக்க வச்சு ஒரு வகை அமிலத்த வெளிய விடுது, அந்த அமிலத்தத்தான் மாடு இரைப்பைச் சுவரால உறிஞ்சி உடம்புக்கு எடுத்துக்குது, செத்த கிருமிங்க கீழ எறங்கிப் போய் மாட்டுக்கு புரதமா ஆகுது.

இதுல சிக்கல் என்னன்னா, அமிலம் மெதுவா வந்தா சாப்பாடு, ஒரேயடியா வந்தா நஞ்சு. மாடு அத சமாளிக்கிறது எச்சிலாலதான். படுத்து அசை போடும்போது வர்ற எச்சில்ல சோடா மாதிரி ஒரு உப்பு இருக்கு, வளந்த மாடு ஒரு நாளைக்கு 100 லீட்டருக்கும் மேல எச்சில் விழுங்கும், அதுதான் அமிலத்த அடக்குது. நல்லா நாரு இருக்குற புல்லு தின்னா ஏழு எட்டு மணித்தியாலம் அசை போடும். மாவு மாதிரி தின்னா அசை போட அதுக்கு என்ன இருக்கு, எச்சிலும் இல்ல.

தேத்தண்ணிய வச்சு சொல்லுறேன், நம்மளுக்கு அத விட நல்ல உதாரணம் கெடைக்காது. டஸ்ட் தூள் போட்டு சுடுதண்ணி ஊத்துனா அந்த நிமிசமே கருப்பா சாயம் எறங்கும். அதே இலையில வந்த ஓ.பி. மாதிரி பெரிய தூள போட்டு அஞ்சு நிமிசம் மூடி வச்சாலும் சாயம் மெதுமெதுவாத்தான் எறங்கும். கொழுந்து ஒண்ணுதான், மலை ஒண்ணுதான், அரவைதான் வேற. சோளமும் அப்படித்தான். மாவா அரைச்சா கிருமிங்க ஒரே பாய்ச்சல்ல எல்லாத்தையும் புளிக்க வச்சிரும், ரெண்டா நாலா உடைச்சா மெதுவா புளிக்கும், உடைக்காமலே போட்டா, பச்சை இலைய கசக்காம சுடுதண்ணியில போட்ட மாதிரி, சாயமே எறங்காது.

புல்லு: மெசினுக்கு முன்னாடி கத்தி

மொத வேல புல்லு. நம்ம பக்கம் சி.ஓ. 3 புல்லு இப்ப எல்லா இடத்துலயும் இருக்கு, கோயம்புத்தூர்ல உண்டாக்கின ரகம். ஓடைக்கரையில கினி புல்லு, இன்னும் மேல குளிர் பக்கம் கிக்கியு. எந்தப் புல்லா இருந்தாலும் வெட்டுற நாள்தான் முக்கியம். சி.ஓ. 3ய கீழ்ப்பக்கம்னா ஒன்றரை மாசத்துல வெட்டலாம், நுவரெலியா குளிர்ல ரெண்டு மாசம் கிட்ட போகும், இடுப்பு உயரம் தாண்டி நெஞ்சு உயரம் வரும்போது அறுத்துருங்க. ஆள் உயரத்துக்கு மேல விட்டா பார்க்க கட்டுக்கட்டா நெறைய இருக்கும், ஆனா தண்டுல கட்டை ஏறிரும், அந்தக் கட்டைய எந்தக் கிருமியாலயும் கரைக்க முடியாது. புல்லு முத்தினதுக்கு அப்புறம் மெசின்ல போட்டு பொடிப்பொடியா நறுக்கினாலும் கட்டை கட்டைதான், சின்னக் கட்டையா ஆகும், அவ்வளவுதான். மெசின் வாங்க காசு தேடுறதுக்கு முன்னாடி இத சரி பண்ணுங்க.

நறுக்குறதால என்ன லாபம்னா, மாடு தண்ட ஒதுக்கிட்டு இலைய மட்டும் பொறுக்காது, தொட்டியில மிச்சம் கெடந்து மிதிபடாது, ஒரு நாளைக்கு கூடத் திங்கும். அதாவது செமிக்கிறது ஒண்ணும் பெருசா கூடாது, திங்கிறதுதான் கூடும். இந்த வித்தியாசத்த நெறையப் பேர் குழப்பிக்கிறாங்க, "நைசா வெட்டுனா நல்லா செமிக்கும்"னு நெனைச்சு ஒரு சென்ட்டிமீட்டர் அளவுக்கு வெட்டிப் போடுறாங்க, அது வயித்துல தங்காம சீக்கிரமே கீழ எறங்கிரும், கிருமிங்களுக்கு வேல செய்ய நேரமே இருக்காது, அசையும் போடாது. 3ல இருந்து 5 சென்ட்டிமீட்டர், ரெண்டு விரல் அகலம்னு வச்சுக்கோங்க, அது போதும். கையால கத்தியில வெட்டுறவங்க அத விட நீளமா வெட்டினாலும் ஒரு குத்தமும் இல்ல. மெசின் பிளேடு மொட்டையா இருந்தா புல்லு நறுங்காது, கசங்கித் தும்பு தும்பா வரும், தொட்டியில சீக்கிரம் சூடாகி நாறும், அதனால கிழமைக்கு ஒருக்கா தீட்டுங்க.

ஒரு எச்சரிக்கை. ரோட்டோரம், லயத்து வேலியோரம் அறுக்குற புல்லுல கம்பித்துண்டு, ஆணி இருக்கும். முழுப் புல்லா போட்டா மாடு சில நேரம் ஒதுக்கும், மெசின்ல போனா கம்பியும் துண்டாகி புல்லோட புல்லா உள்ள போகும், ரெண்டாவது அறையில போய் தங்கி, அங்க இருந்து இதயம் ஒரு சாண் தூரம்கூட இல்ல, குத்திக்கிட்டே போயிரும். உரப் பேக் நூலும் இப்படித்தான். புல்லுக்கட்ட அவிழ்த்து ஒரு தடவ உதறிட்டு மெசின்ல போடுங்க.

மழை நேரம் சொட்டச் சொட்ட ஈரமா வர்ற பிஞ்சுப் புல்ல அப்படியே போடாம, கூரைக்கு கீழ பரப்பி அரை நாள் வாட விட்டுப் போடுங்க. கிளிசீரியா இலையும் வாட விட்டா அந்த நாத்தம் கொறஞ்சு மாடு வாய் வைக்கும்.

சோளம்: இங்கதான் எல்லாரும் சறுக்குறது

சோள மணிக்கு மேல ஒரு தோல் இருக்கு, பெயின்ட் அடிச்ச மாதிரி வழுவழுன்னு, அதுல கிருமி ஒட்ட முடியாது. அதுக்குள்ள மாவுச்சத்து சும்மா கொட்டி வச்ச மாதிரி இல்ல, ஒவ்வொரு மாவுத் துணுக்கையும் புரதம் வலை மாதிரி பின்னிப் பிடிச்சிருக்கு. தோல ஒடைக்கணும், வலைய கொஞ்சமாவது தளத்தணும், சோளத்த பக்குவம் பண்ணுறதுன்னா மொத்தமா இந்த ரெண்டு வேலதான். நல்லா மினுங்குற கெட்டியான சோளத்துல வலை இறுக்கமா இருக்கும், மாவு மாதிரி வெள்ளையா ஒடையுற சோளத்துல லேசா இருக்கும்.

சின்னக் கன்னு, ஆறு மாசத்துக்கு உள்ளன்னா முழுச் சோளத்த நல்லா கடிச்சு மென்னு தின்னும், அதுக்கு முழுசாவே குடுக்கலாம். வளந்த மாடு அவசரத்துல அள்ளி விழுங்கும், அதுல ஒரு பங்கு கடிபடாமலே போய் சாணியில வந்துரும், நம்ம பொடியன்ட கோழிக்கு வந்த மாதிரி.

அமெரிக்காவுல டெக்சஸ், கன்சாஸ் பக்கம் பல்லாயிரக்கணக்குல மாடு கட்டி வளர்க்குற பண்ணைங்கள்ல இதுக்குன்னே மெசின் வச்சிருக்காங்க. சோளத்த அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் ஆவியில வேக விட்டு, சூடோட ரெண்டு பெரிய இரும்பு உருளைக்கு நடுவுல விட்டு அவல் மாதிரி தட்டையாக்கி எடுப்பாங்க. 1960கள்ல இருந்தே அந்த முறை ஓடுது. சும்மா உருளையில உடைச்ச சோளத்துல மாவுச்சத்து 90 சதவீதத்துக்கு கொஞ்சம் முன்னப்பின்ன செமிக்கும், இந்த ஆவி அவல்ல 97, 98ன்னு போகும். கேக்க ஆசையாத்தான் இருக்கும், ஆனா பொய்லர் போட்டு ஓட்டுற வேல அது, நாலு மாட்டுக்கு ஆகாது. நம்ம அவல் இடிக்கிறதும் அதே வேலதானேன்னு ஒருத்தர் கேட்டார், சரிதான், ஆனா உரல்ல எத்தன கிலோ இடிப்பீங்க.

நம்மளுக்கு இருக்குறது டவுன்ல மொளகாத்தூளும் மாவும் அரைக்கிற மில்லு. அங்க போனா சொல்ல வேண்டிய வார்த்த ஒண்ணே ஒண்ணுதான்: "மாவா வேணாம், குருணையா ஒடைச்சுக் குடுங்க." கல்லு மில்லுன்னா கல்ல தளத்தச் சொல்லுங்க, சுத்தியல் மில்லுன்னா ஓட்டை பெருசா இருக்குற சல்லடைய மாட்டச் சொல்லுங்க. ஒரு மணி நாலு துண்டுல இருந்து ஆறு துண்டா வரணும், உள்ளங்கையில வச்சு ஊதினா பறக்குற தூள் கொஞ்சமாத்தான் இருக்கணும். மில்லுக்காரர் மொறைப்பார், அவருக்கு சல்லடை மாத்துறது வேல. ஒரே தடவையா 50 கிலோ கொண்டு போங்க, மொறைக்க மாட்டார். ஆனா அதுக்கு மேல ஒடைச்சு வைக்காதீங்க, ஒடைச்ச சோளம் நம்ம பனிக்கு மூணு நாலு கிழமையில பூஞ்சணம் பிடிச்சிரும், அந்தப் பூஞ்சணத்துல இருக்குற நஞ்சு ஈரலத்தான் பிடிக்கும். மூடுன பீப்பாவுல, நெலத்துல இருந்து தூக்கி பலகைக்கு மேல வைங்க.

இப்ப என் கத. ஆரம்பிச்ச வருசம் நான் இந்தக் குருணைக் கதையெல்லாம் கேக்காத ஆள். நைசா அரைச்சா நல்லா ஒட்டும்னு நெனைச்சு கோதம்ப மாவு மாதிரி அரைச்சு வாங்கிட்டு வந்தேன், கைய விட்டா கை வெள்ளையா வருது, எனக்கு ஒரே சந்தோசம். அது வரைக்கும் புல்லு மட்டும் தின்ன நாம்பன், 200 கிலோ கிட்ட இருக்கும், அதுக்கு மொத நாளே ஒரு வாளியில மூணு கிலோவுக்கு மேல மாவ தண்ணியில கரைச்சு வச்சேன். உறிஞ்சிக் குடிச்சுட்டு வாளிய நக்குச்சு. மறுநாள் விடிய பட்டிக்குப் போனா, கதவ தொறக்கும்போதே புளிச்ச கள்ளு மாதிரி ஒரு வாடை. மாடு படுத்துக் கெடக்கு, அசை இல்ல, கண்ணு குழி விழுந்திருக்கு, சாணி சாம்பல் நெறத்துல தண்ணியா, மேல நொரை நொரையா. மாட்டு டாக்டர் வந்து எடது பக்கத்து வயித்த கையால அமுக்கிட்டு என்ன குடுத்தேன்னு மட்டும் கேட்டார். சொன்னேன். "மாட்டுக்கா குடுத்த, இல்ல ரொட்டி சுடப் போனியா?"ன்னார். ரெண்டு நாள் இழுத்து எப்படியோ எழும்பிருச்சு, ஆனா அதோட காலுக் குளம்புல நோவு வந்து நொண்ட ஆரம்பிச்சது மூணு மாசம் விடல. அமிலம் வயித்தோட நிக்காது, ரத்தத்துல ஏறி குளம்பு வரைக்கும் எறங்கும், இரைப்பைச் சுவர புண்ணாக்கி அந்த வழியா கிருமி ஈரலுக்குப் போய் சீழ் பிடிக்கும். அந்த நாம்பன் மத்ததுங்க எடை போட்ட அளவுக்கு கடைசி வரைக்கும் போடவே இல்ல.

அதுல ரெண்டு தப்பு இருக்கு பாருங்க. மாவா அரைச்சது ஒண்ணு, ஒரே நாள்ல ஏத்துனது இன்னொண்ணு. புல்லு திங்கிற கிருமி வேற, மாவு திங்கிற கிருமி வேற, ஆளு மாற ரெண்டு மூணு கிழம வேணும். அதனால மொத நாள் கால் கிலோ, மூணு நாளைக்கு ஒருக்கா இன்னும் கால் கிலோ, அந்தக் கணக்குல ஏத்துங்க. 200 கிலோ நாம்பனுக்கு கடைசியில ரெண்டு கிலோ கலவை போதும்: குருணைச் சோளம் 1 கிலோ, தேங்காப் புண்ணாக்கு 600 கிராம், தவிடு 350 கிராம், உப்பும் மினரல் தூளும் சேர்த்து 50 கிராம். இத காலையில பாதி அந்தியில பாதி, புல்லு கொஞ்சம் தின்ன பொறகு குடுங்க, வெறும் வயித்துல குடுக்காதீங்க. நறுக்கின புல்லு 20, 25 கிலோ. இது ஆரம்பக் கணக்குதான், உங்க மாட்டப் பார்த்து கூட்டிக் கொறைக்கலாம்.

தவிட்டப் பத்தி ஒரு வார்த்த. மலிவா கெடைக்குதுன்னு அள்ளிப் போடாதீங்க, அதுல எண்ணெய் இருக்கு, எண்ணெய் கூடுனா நாரு மேல படிஞ்சு கிருமிங்கள ஒட்ட விடாது, புல்லு செமிக்காது. பழசானா எண்ணெய் காறி மாடு முகத்த திருப்பிக்கும், அது நல்லதுக்குத்தான்.

கரைக்கிறது, ஊற வைக்கிறது, வேக வைக்கிறது

எங்க ஆத்தா காலத்துல இருந்தே புண்ணாக்க ராத்திரி ஊறப் போட்டு காலையில தண்ணியில கரைச்சு காட்டுறதுதான் வழக்கம். மாடு ஆசையா குடிக்கும், தண்ணி போதுமா உள்ள போகும், சரிதான். ஆனா கரைச்சுக் குடுத்தா மெல்ல வேண்டிய வேல இல்ல, எச்சில் இல்ல. கல்லு மாதிரி இருக்குற புண்ணாக்க தட்டி ஒடைச்சு, கொஞ்சமா தண்ணி தெளிச்சு பொதுபொதுன்னு பெசஞ்சு, நறுக்கின புல்லோட கலந்து போடுங்க, தண்ணிய தனியா வைங்க. ராத்திரி ஊறின புண்ணாக்கு விடிய புளிச்சு வாடை அடிச்சா கொட்டிருங்க, மனசு வராது, ஆனாலும் கொட்டிருங்க.

சோளத்த ஒடைக்க மில்லு தூரம்னா, ஒரு நாள் பூரா தண்ணியில ஊற வச்சு குடுக்கலாம், தோல் மெதுவாகி கொஞ்சம் நல்லா கடிபடும். ஒடைச்சதுக்கு ஈடாகாது, முழுசா போடுறத விட மேல்.

வேக வச்சது விசயத்துல மட்டும் கண்டிப்பா சொல்லுவேன். சோறு, கஞ்சி, பொங்கல், பாயாசம், இதெல்லாம் மாவுச்சத்து வெந்து கூழானது, டஸ்ட்ட விட வேகமா சாயம் எறங்குறது. மாட்டுப் பொங்கல் அன்னைக்கு பாசத்துல ஒரு சட்டிப் பொங்கல மாட்டுக்கு ஊட்டுறது, கோயில் திருவிழா அன்னதானத்துல மிஞ்சின சோத்த அண்டாவோட கொண்டு போய் பட்டியில வைக்கிறது, இது ரெண்டுலயும் வருசா வருசம் மாடு விழுகுது. பொங்கலுக்கு ஒரு கவளம், வாழை இலையில வச்சு, கும்பிட்டு, அவ்வளவுதான். அதுக்கு மேல குடுத்துட்டு மாடு அசை போடாம, பல்ல நறநறன்னு கடிச்சுக்கிட்டு, எடது பக்கம் உப்பி நின்னா வீட்டு வைத்தியம் தேடிக்கிட்டு இருக்காம மாட்டு டாக்டருக்கு போன் போடுங்க, மணிக்கணக்குல போற விசயம் அது.

தோட்டத்து மரக்கறி

நுவரெலியா, கந்தப்பள, வெலிமட பக்கத்துல வெல விழுந்தா கரட், கோவா, பீட்ரூட் எல்லாம் மூட்டை மூட்டையா சும்மா கெடைக்கும். நல்ல தீனிதான், ஆனா கெழங்க முழுசா போடவே கூடாது. மாடு ஒரு முழு உருளக்கெழங்கையோ கட்டை பீட்ரூட்டையோ மெல்லாம விழுங்கி தொண்டையில சிக்குனா ஏப்பம் வெளிய வராது, வயிறு உப்பி அரை நாள்ல முடிஞ்சிரும். கரட்ட வட்டமா வெட்டாதீங்க, நீளவாக்குல கிழிச்சு வெட்டுங்க, இல்லாட்டி மம்பட்டியால நல்லா நசுக்கிப் போடுங்க. பச்சை ஏறின உருளக்கெழங்கும் முளை விட்டதும் வேணாம், அதுல நஞ்சு இருக்கு. கோவா எல ஒரு நாளைக்கு ஒரு கூடைக்கு மேல போனா பிரச்சினை, வயிறும் ஊதும், நாள்பட ரத்தமும் கெடும். லீக்ஸ் தழையும் வெங்காய சாதிதான், அதுவும் ரத்தத்த கெடுக்கும், நான் போடுறதே இல்ல. எதையும் எடுக்க முன்னாடி தோட்டக்காரர்கிட்ட எந்த நாள் மருந்து அடிச்சீங்கன்னு கேளுங்க, இது கேக்க வெக்கப்படக் கூடாத கேள்வி.

வைக்கோலும் யூரியாவும்

ஹங்குராங்கெத்த, வலப்பன பக்கம் அறுவடை முடிஞ்சா வைக்கோல் லொறியில வரும். வெறும் வைக்கோல்ல புரதம் நாலு சதவீதம் கூட தேறாது, நாரு எல்லாம் கட்டையோட ஒட்டிக்கிட்டு கிருமிக்கு கதவ சாத்திரும். யூரியா போட்டு மூடி வச்சா அதுல இருந்து அமோனியா வந்து அந்த ஒட்ட இளக்கிரும், புரதமும் ஏழு எட்டுக்கு வரும். மாட்டுத் தீனிய பக்குவம் பண்ணுற வேலையில நம்ம மாதிரி ஆளுக்கு காசுக்கு ஏத்த பலன் தர்றது இதுதான்னு நான் நெனைக்கிறேன்.

கணக்கு: வைக்கோல் 100 கிலோவுக்கு யூரியா 4 கிலோ, தண்ணி 80ல இருந்து 100 லீட்டர். மொத தடவ 20 கிலோவுல ஆரம்பிங்க, யூரியா 800 கிராம், தண்ணி ரெண்டு வாளி, அதாவது 16, 20 லீட்டர். தராசுல நிறுங்க, கைப்பிடிக் கணக்கு வேணாம். யூரியாவ தண்ணியில நல்லா கரைச்சு, பூவாளியால வைக்கோல் மேல தெளிச்சு, பெரட்டி, மிதிச்சு, தடிச்ச பொலித்தீன் பேக்ல காத்துப் போகாம இறுக்கிக் கட்டுங்க. கீழ்நாட்டுல மூணு கிழம போதும்பாங்க, நம்ம குளிருக்கு நாலு அஞ்சு கிழம விடுங்க, அமோனியா சூட்டுலதான் வேல செய்யும். தொறந்தா கண்ணு எரியணும், அப்ப சரியா வந்திருக்குன்னு அர்த்தம். எடுத்ததுக்கு அப்புறம் ஒரு ராத்திரி காத்தாட பரப்பி வச்சுட்டு குடுங்க, மொதல்ல புல்லோட கலந்து கொஞ்சம் கொஞ்சமா.

ஆறு மாசத்துக்கு உள்ள இருக்குற கன்னுக்கு இத குடுக்கக் கூடாது. கரைச்ச யூரியாத் தண்ணி வாளிய பட்டிக்குப் பக்கத்துல வச்சுட்டு நகராதீங்க, மாடு அத குடிச்சா காப்பாத்துறது கஷ்டம். நல்ல பச்சைப் புல்லுக்கும், சீனிச்சத்து இருக்குற காய்ஞ்ச புல்லுக்கும் இந்த வேல பார்க்காதீங்க, அதுல அமோனியா சேர்ந்தா மாட்டுக்கு மூள கலங்குற நஞ்சு உண்டாகும். இது காஞ்ச வைக்கோலுக்கு மட்டும். 2021ல ரசாயன உரத்த தடை பண்ணின நேரம் யூரியாவ கண்ணால காணக் கெடைக்கல, அப்ப நான் வைக்கோல சும்மா நறுக்கி, தண்ணி தெளிச்சு, புண்ணாக்குத் தூளோட பெசஞ்சு போட்டு ஓட்டுனேன், ஓடுச்சு, ஆனா எடை ஏறல.

சைலேஜ், அதாவது பச்சைப் புல்ல காத்துப் போகாம மூடி புளிக்க வச்சு எடுத்து வைக்கிறது, அதப் பத்தி சுருக்கமா. நம்ம மழைக்கு புல்ல காயப்போட்டு வைக்கிறது நடக்குற காரியமில்ல, அதனால மிஞ்சின புல்ல அரை நாள் வாட்டி, ரெண்டு சென்ட்டிமீட்டர் அளவுக்கு நறுக்கி, 100 கிலோவுக்கு ரெண்டு மூணு கிலோ மொலாசிஸ் (சீனி ஆலையில மிஞ்சுற பாகு) தெளிச்சு, நீலப் பீப்பாவுல போட்டு ஏறி மிதிச்சு மூடுங்க. இங்க மட்டும் சின்னதா வெட்டச் சொல்லுறது காத்து நிக்காம அமுங்கத்தான். ஒன்றரை மாசம் கழிச்சு தொறந்தா ஊறுகா மாதிரி புளிப்பு வாசம், மஞ்சள் கலந்த பச்சை. அழுகின வாடையோ வெள்ளைப் பூஞ்சணமோ இருந்தா அந்தப் பகுதிய தூக்கி எறிங்க. தொறந்த பீப்பாவ நாள் தவறாம எடுத்து முடிக்கணும்.

சாணிய அரிச்சுப் பார்க்குறது

இதுதான் நான் எல்லாருக்கும் சொல்லுற வேல, யாரும் செய்றதில்ல. ஒரு பழைய தேயிலைச் சல்லடை, இல்லாட்டி தேங்காப்பால் வடிகட்டுறத விட கொஞ்சம் பெரிய ஓட்டை வச்ச ஏதாவது ஒண்ணு எடுத்துக்கோங்க. விடிய விழுந்த புது சாணியில, மண் ஒட்டாத நடுப்பகுதிய ரெண்டு கைப்பிடி அள்ளி சல்லடையில போட்டு, பைப்புக்கு கீழ தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசுங்க. மிச்சம் நிக்கிறத வெள்ளைத் துணியில கொட்டி பரப்புங்க.

நான் நேத்து அரிச்சதுல இருந்தது: மெல்லிய நாரு, நகத்தளவுக்கும் கொறைவா, ஒரே சீரா. சோளத்தோல் எட்டுப் பத்து, உள்ள மாவு இல்லாம வெறும் தோலா, வெளிச்சத்துல பிடிச்சா கண்ணாடி மாதிரி. கடிபடாத மணி ஒண்ணு. இது நல்ல சாணி. மணி ஏழெட்டு முழுசா நின்னா மில்லுல இன்னும் ஒடைக்கச் சொல்லணும். தோலுக்குள்ள வெள்ள மாவு ஒட்டி இருந்தா ஒடைச்சது போதல, இல்லாட்டி தீனி ரொம்ப வேகமா கீழ எறங்குது, புல்ல கூட்டணும். புல்லுத் துண்டு விரல் நீளத்துக்கு வந்தா மாடு அசை போடுறது போதாது. வழுவழுன்னு சவ்வு மாதிரி, சேமியா மாதிரி ஏதாவது நின்னா கொடல் புண்ணாகுது, மாவ அன்னைக்கே பாதியா கொறைங்க.

அலசாமலே தெரியுறதும் இருக்கு. சாணி விழுந்து தட்டையா பரவி நடுவுல ஒரு சின்னக் குழி விழுந்தா சரி. கட்டியா குதிரச் சாணி மாதிரி அடுக்கி நின்னா நாரு கூடிருச்சு, இல்ல தண்ணி போதல. தண்ணியா ஓடி குமிழி விட்டா மாவு கூடிருச்சு. படுத்திருக்குற மாட்டப் பார்த்து அசைய எண்ணுங்க, ஒரு உருண்டைக்கு 50ல இருந்து 70 தடவ மெல்லணும், 40க்கு கீழ போனா நாரு கொறவு. ஆரம்பத்துல போன்ல நேரம் வச்சு எண்ணுங்க, பொறகு பார்த்தாலே தெரியும்.

தீனிய மாத்தினா மறுநாளே சாணிய அரிக்காதீங்க, பழைய தீனி வெளிய வந்து முடிய ரெண்டு மூணு நாள் ஆகும், நாலாவது நாள் அரிச்சாத்தான் புதுத் தீனியோட கணக்கு தெரியும். அதுக்கு அப்புறம் மாசத்துக்கு ரெண்டு தடவ, புது மூட்டை சோளம் ஒடைச்ச ஒவ்வொரு தடவையும் ஒருக்கா. அந்தப் பொடியனுக்கும் இதத்தான் சொல்லி விட்டேன், சல்லடை இல்லண்ணேன்னான், நம்ம வீட்டுல இருந்து ஒண்ண குடுத்து விட்டேன், குடுக்கும்போதே சொல்லிட்டேன், இது இனிமே குசினிப் பக்கம் போகக் கூடாது, எங்க வீட்டுல ஒரு தடவ போய் ரெண்டு நாள் எனக்கு சோறு வரல.